பெட்டி மூடுவதற்கு முன்

ஸ்லோ மோஷன் என்றாலே எனக்கு எரிச்சல் வரும். கருங்கல் ஊரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்வதுதான் என் வேலை. மணப்பெண் முடியை ஒதுக்கினால் ஸ்லோ, மாப்பிள்ளை கூலிங் கிளாஸ் மாட்டினால் ஸ்லோ, பந்தியில் பாயசம் உறிஞ்சுகிற சித்தப்பா கூட ஸ்லோ. முந்தானை பறக்க வேண்டும் என்று ஃபேனைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று திட்டிக்கொண்டேதான் செய்வேன்.

அம்மா இறந்த அன்று எங்கள் ஸ்டுடியோ கேமராக்காரர்தான் எங்கள் ஊர் இனயத்துக்கு வந்து எடுத்தார். எங்கள் கடற்கரையில் அடக்கத்துக்கும் வீடியோ உண்டு. வீட்டுக்கு ஒருவர் கல்ஃபில் கிடக்கும்போது வேறு என்ன செய்வது? எங்கள் வீட்டில் அது அண்ணன். மீன்பிடி போட்டில் வேலை. முதலாளி பாஸ்போர்ட்டைத் தரவில்லை. கேமராக்காரரோ கல்யாணப் பழக்கத்தில் அன்றைக்கும் எல்லாவற்றையும் ஸ்லோ மோஷனுக்கு ஏற்ற மாதிரியே எடுத்து வைத்திருந்தார். "கை அதுவா ஸ்லோ போட்டுப்போச்சு மக்கா" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

பெட்டியை மூடுவதற்கு முன் ஒவ்வொருவராகக் குனிந்து அம்மாவுக்கு முத்தம் கொடுத்தார்கள். கடைசியாக அப்பா. அவர் கையில் போன், போனில் வீடியோ காலில் அண்ணன். கேமராவை மாற்றிப் போட அப்பாவுக்குத் தெரியாது. அதனால் திரையையே அம்மா பக்கம் திருப்பிப் பிடித்திருந்தார். குனிந்தபோது போன் கைநழுவி அம்மாவின் முகத்தில் விழுந்தது. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். அப்பாவின் அக்கா, என் மாமி, அதை வெடுக்கென்று எடுத்தாள்.

"ஏலே, ஒரு போன ஒழுங்கா பிடிக்கத் தெரியாதா ஒனக்கு?"

அதற்குள் வீடியோ கால் கட்டாகியிருந்தது. அண்ணன் மறுபடி லைனில் வந்தபோது பெட்டிக்கு மூடி போட்டாயிற்று.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே புலம்பல்தான். "எல்லாரும் முத்தம் குடுத்தாவ. எனக்கு மட்டும் அந்த நேரம் பாத்து நெட்டு போச்சு. திரை அப்படியே கறுத்துப் போச்சு ஏட்டி. பெத்த பிள்ளைக்குக் குடுத்து வைக்கல." ஆறுதல் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஒருநாள் கேட்டான்: "அம்மைக்க முகம் வர்ற எடத்த மட்டும் மெதுவா ஓட்டித் தருவியா?"

அந்த வீடியோவை நான் அதுவரை திறந்திருக்கவில்லை. திறக்கத் தெம்பில்லை. அவனுக்காகத்தான் உட்கார்ந்தேன்.

மெதுவாக ஓட விட்டேன். பக்கத்து வீட்டு அக்கா அம்மாவின் காலில் உட்கார்ந்த ஈயை விரட்டுகிறாள். மாமி, அந்த வாய்த்துடுக்குக்காரி, யாரும் பார்க்காதபோது அம்மாவின் ஜெபமாலையை நேராக்கி, அந்தக் கையைக் கொஞ்சம் பிடித்திருக்கிறாள். நானும் அங்கேதான் நின்றேன். ஒன்றையும் பார்க்கவில்லை. பிறகு அப்பா வருகிறார். போனைத் தன் பக்கம் திருப்பி, தோளில் கிடந்த துவர்த்துத் துண்டால் திரையைத் துடைக்கிறார், மூலை விடாமல். குனிகிறார். அண்ணனின் முகம் தெரிகிற திரையை அம்மாவின் கன்னத்தில் வைக்கிறார். போன் விழவே இல்லை. வைத்து, பின்னாலிருந்து உள்ளங்கையால் மெல்ல அழுத்துகிறார், கண்ணை மூடிக்கொண்டு. சாதாரண வேகத்தில் ஓட்டினால் அது ஒரு மூச்சு விடுகிற நேரம் கூட இருக்காது. ஸ்டுடியோ என்றும் பாராமல் அழுதேன்.

வீட்டுக்குப் போனபோது அப்பா அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குப் போன் வழுக்கலியாப்பா?"

"எதுக்கு வழுக்குது? அவனுக்க முத்தத்த நான் குடுக்க முடியுமா மக்கா? அதான் அவன் முகத்தையே கொண்டு வச்சேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்லா" என்று மீனைப் பார்த்தபடியே சொன்னார்.

வீடியோவை அனுப்பிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். "நெட்டு போவல அண்ணே. நீ கறுப்பா பாத்தது அம்மைக்க கன்னம்" என்றேன். இனிமேலாவது அவன் மனசு ஆறும் என்று நம்பினேன். முட்டாள் நான்.

லைனில் இருந்தபடியே அவன் அதைத் திறந்து பார்த்தான். பிறகு சொன்னான்: "கறுத்த ஒடனே நெட்டு போச்சுன்னு நெனச்சு நான்தான் ஏட்டி கட் பண்ணினேன். திரும்பக் கூப்பிடலாம்னு."

நான் வீடியோவில் அந்த இடத்தை மறுபடி திறந்து வைத்தேன்.

"அந்த வீடியோவ இன்னும் மெதுவா ஓட்டிப் பாத்துச் சொல்லு" என்றான், அழுகையை அடக்கிக்கொண்டு. "அப்பா வச்ச பொறவு நான் எவ்வளவு நேரம் இருந்தேன்?"

திரை அம்மாவின் கன்னத்தோடு ஒட்டிக் கிடந்தது. எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் அது தெரியப்போவதில்லை.

"பாத்தேன் அண்ணே" என்றேன். "அப்பா கைய எடுக்கது வரைக்கும் நீ இருந்த."