மேட்டில் நான் புதைத்த போளை

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்றது நாலு, அக்கா செத்த பிறகு அவளுடைய ஒன்றையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்தும் நல்ல நிலையில் இருக்கின்றன. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும், ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விடமாட்டேன்.

போன மாதம் பேத்தி என்னை ஒரு கோட்டை பார்க்கக் கூட்டிப்போனாள். சுவிஸில் நாங்கள் இருக்கும் ஷ்லீரனிலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக ஒரு மணித்தியாலம். போய்ப் பார்த்தால் கோட்டையும் இல்லை, மதிலும் இல்லை. புல் முளைத்த ஒரு மண் குவியல், அதைச் சுற்றித் தூர்ந்துபோன அகழி, பக்கத்தில் நாலு மாடு மேயக்கூடிய தட்டை நிலம். எத்தனையோ நூறு வருசத்துக்கு முன்னே ஒரு பிரபு ஆட்களை வைத்து அந்த மண்ணைக் குவித்து, உச்சியில் மரக் கோபுரம் கட்டி இருந்தானாம். கீழே தட்டை நிலத்தில் குதிரை லாயம், கொல்லன் பட்டறை, குசினி. மரமெல்லாம் உக்கிப்போய்விட்டது. தூண் நின்ற இடத்தில் மண் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கறுப்புக்கு மேலே கூடாரம் அடித்து, பத்துப் பேர் முழங்காலில் நின்று சின்னக் கரண்டியாலும் தூரிகையாலும் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பொறாமை வந்தது. மறைக்க என்ன இருக்கிறது. ஒரு மண் குவியலுக்குக் கூடாரம், பெயர்ப்பலகை, கார் விட இடம், பார்க்க வருகிறவர்களுக்குக் கோப்பி.

தோண்டுகிறவர்களில் ஒரு பெண் வந்து விளக்கினாள், பேத்தி எனக்குத் தமிழில் சொன்னாள். வெட்டிய மண் சுவரில் பட்டை பட்டையாக நிறங்கள் தெரிந்தன. அடியில் கிடப்பது முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது. ஒரு பட்டை கரி. அப்படியென்றால் கோபுரம் ஒருமுறை எரிந்து, திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பிரபுவைப் பற்றி எந்தக் கடதாசியிலும் ஒரு வரி இல்லையாம். அவன் எப்போது வந்தான், என்ன தின்றான், அவனுக்குச் சமைத்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதெல்லாம் இந்த மண்ணுக்குள் மட்டும்தான் இருக்கிறதாம். குழப்பிவிட்டால் பிறகு யாராலும் வாசிக்க முடியாதாம்.

சுவரில் ஒரு இடத்தில் சின்ன வட்டமாக மண் வேறு நிறத்தில் இருந்தது. அதற்கும் இலக்கம் போட்ட அட்டை குத்தியிருந்தார்கள். என்னவென்று கேட்டேன். எலி வளையாம். எலி மேலே கிடக்கும் புதுச் சாமானைக் கீழே இழுத்துக்கொண்டு போயிருக்கும், அதை நம்பி ஏமாந்துவிடக் கூடாது என்று குறித்து வைக்கிறார்களாம்.

அதைக் கேட்டதும் பக்கத்து மர வாங்கில் போய்க் குந்திவிட்டேன். வெயிலாக்கும் என்று பேத்தி தண்ணீர் தந்தாள்.

எட்டு வயதில் நானும் ஒரு மேட்டில் எலி வேலை பார்த்தவள்.

ஊரில் மாமாவின் காணிக்குப் பின்னால் ஒரு மேடு இருந்தது. மாமாவின் மகள், என் மச்சாள், என்னைவிடப் பதினைந்து நாள் இளையவள். மழை விட்ட ஒரு காலையில் அந்த மேட்டுச் சரிவில் ஒரு சிவப்புக் கல்மணியை எடுத்தாள். முதலில் காட்டியது எனக்குத்தான். நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். என் கண்ணில் அது படவில்லை. மாமா அதைத் தலைமை வாத்தியாரிடம் காட்ட, வாத்தியார் கொழும்புக்குக் கடிதம் எழுத, ஒரு மாதத்தில் கண்ணாடி போட்ட இளம் உத்தியோகத்தர் ஒருவர் பெட்டியும் கயிறுமாக வந்து இறங்கினார்.

அவர் மச்சாளோடு மட்டும்தான் கதைத்தார். எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று அவளிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். நுனியில் அழிறப்பர் வைத்த பென்சில் ஒன்று அவளுக்குக் கொடுத்தார். மாமி அவளுக்கு ரிபன் கட்டிவிட்டாள். கண்ணுள்ள பிள்ளை என்று ஊரே சொன்னது. என்னைப் பெற்றவள் சும்மா இருந்திருக்கலாம்.

“உனக்கும் ரெண்டு கண் இருக்குத்தானே, எதுக்கு வைச்சிருக்கிறாய்?” என்றாள்.

உத்தியோகத்தர் மேட்டில் நாலு முளை அடித்துக் கயிறு கட்டி, ஒரு சாண் தோண்டினார். கறுப்பும் சிவப்புமான சட்டித் துண்டுகள் வந்தன. எதையும் எடுக்காமல் கிடந்தபடியே விட்டு, சாக்கால் மூடி, ஒருவரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு மாமா வீட்டுக்குச் சாப்பிடப் போனார். ஊரே அவர் சாப்பிடுவதைப் பார்க்கப் போனது.

நான் என் சாமான்களை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். சோடாப் போத்தலுக்குள் உருளும் கண்ணாடிப் போளை ஒன்று, நீலப் பூப்போட்ட பீங்கான் துண்டு, ஒரு சலங்கை மணி. அந்த மனிதர் வடிவான சாமான் தேடுகிறார் என்றுதான் நினைத்தேன். மச்சாளின் மணி மங்கல், என்னுடையவை மினுங்கும். சட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்துவிட்டு, சிரட்டையால் ஒரு முழம் தோண்டிப் புதைத்து, மண்ணை அழுத்தி, துண்டுகளை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். நனைந்த மண், நன்றாக இறுகிக் கொடுத்தது. எட்டு வயதில் அப்படி நேர்த்தியாக மூட எல்லாருக்கும் வராது.

சாப்பாடு முடிந்து வந்தவரிடம், அந்த மூலையில் தோண்டிப் பாருங்கோ என்று நான்தான் கை காட்டினேன். போளை வந்தது. அவர் துள்ளுவார் என்று பார்த்தேன். அவர் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், இந்த மண் வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து கொட்டினதோ என்று மாமாவைக் கேட்டார். பிறகு மச்சாளுக்கு முன்னால் குந்தினார்.

“தங்கச்சி, அந்த மணியை உண்மையா எங்கை எடுத்தனி?”

“இஞ்சைதான் ஐயா.”

“பொய் சொல்லாதை,” என்று மாமா கையை ஓங்கினார்.

மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நீயும் நிண்டனிதானே. சொல்லனடி.”

“நான் பாக்கேல்லை,” என்றேன்.

பழைய சட்டிக்குக் கீழே புதுப் போளை கிடந்தால் இது கொட்டின மண்தான் என்று சொல்லி, உத்தியோகத்தர் கயிற்றைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். பென்சிலை அவர் கேட்கவில்லை. மச்சாள்தான் நீட்டினாள். அவர் போன பிறகு அவளுக்கு விழுந்த அடி எங்கள் வீடுவரை கேட்டது. எனக்குச் சந்தோசமாக இருந்தது என்று எழுதத்தான் வேண்டும்.

அடுத்த வருசம் ரோட்டுக்கு மண் வேண்டும் என்று வண்டில்கள் வந்தன. பெறுமதியில்லாத மேடுதானே என்று மாமா விட்டுவிட்டார். ஆள் உயரச் சாடிகள் வெளிவந்து வண்டில் சில்லுகளுக்குள் நொறுங்கின. அந்தத் துண்டுகளை எறிந்து நாங்கள் கட்டம் கீறிக் கெந்தி விளையாடினோம். யார் குவித்த மேடு, எந்தக் காலத்து ஆட்கள், இனி ஒருவருக்கும் தெரியாது.

மச்சாள் இப்போது இதே நாட்டில் லா ஷோ-து-ஃபோன் என்ற ஊரில் இருக்கிறாள். மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முப்பது வருசம், கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, தூசி போன்ற ஆணிகளைப் பொறுக்கி வைத்தாள். அவளைப்போல் கண் வேறு ஒருவருக்கும் இல்லை என்று வெள்ளைக்காரனே சொன்னானாம். அதை அவள் பிள்ளைகள் சொல்லும்போது எனக்கு இன்றும் நெஞ்சு எரியும். நான் ஷ்லீரனில் கந்தோர் கட்டடங்களின் தரை துடைத்தவள்.

அந்த மேடு பார்த்து வந்த கிழமை அவளோடு தொலைபேசியில் கதைத்தேன். மெல்ல மணியின் கதையை எடுத்தேன். அவள் சிரித்தாள். “அது நான் வேறை எங்கையோ எடுத்திருப்பன் மச்சாள். எல்லாரும் சொல்லேக்கை எனக்கே சந்தேகமாப் போச்சு,” என்றாள்.

பென்சிலைத்தான் பறித்தேன் என்று எழுபது வருசமாக நினைத்திருந்தேன். அவ்வளவு நல்ல கண்ணை அதன் சொந்தக்காரியே நம்பாமல் செய்துவிட்டேன் என்று எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.

இது அவளுக்குத் தபாலில் போக வேண்டும். அதற்கு முன் பேத்தியைக் கூப்பிடுகிறேன்: பிள்ளை, இஞ்சை வந்து இரு. இதை ஒருக்கா எனக்கு வாசிச்சுக் காட்டு. நான் செய்தது வடிவாய் விளங்குதோ எண்டு கேக்கவேணும்.