பிளாஸ்திரிக்குள் போட்ட திருநீறு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளில், மலேசியாவின் ஈப்போ ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்கு இடுப்பு மூட்டை மாற்றி, தையல்மேல் பிளாஸ்திரி ஒட்டி, பிரிக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தில் மருந்து கட்டும் டிரஸ்ஸர் தினமும் துணிக்கட்டைப் பிரித்து, வலிக்காமல் கதை பேசிக்கொண்டே மஞ்சள் மருந்து போடுவார். அந்த வாசனை இன்னும் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பிளாஸ்திரியைத் தூக்கி, முருகனை வேண்டித் திருநீறு தூவினேன்.

“ஏ புள்ள, கறிக்கு உப்பு போடுறியா?” என்று அவர் சிரித்தார்.

இரண்டே நாளில் காய்ச்சல், சீழ். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே மிஸ்ஸி, அதான் நர்ஸம்மா, “உள்ள இரும்பு மூட்டு இருக்குக்கா. கிருமி அங்க போனா திரும்ப அறுக்கணும்லா” என்றார். முருகன் புண்ணியம், ஊசி மருந்தோடு தப்பினார்.

அதற்குப் பிறகு திருநீற்றை அவர் நெற்றியில்தான் பூசினேன். பிளாஸ்திரியை மிஸ்ஸிதான் பிரித்தார்.