நடுவில் நின்ற முள்

போன வாரம் கைப்பேசியைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்தேன். ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கடை. நடத்துபவர் ஒரு பெண். அவர் சால்டரிங் அயர்னை ஈயக்கம்பியில் தொட்டதும் மெல்லிய புகை ஒன்று எழுந்து என் மூக்குக்கு வந்தது. சாம்பிராணிக்கும் எரிந்த பிசினுக்கும் இடைப்பட்ட வாசனை. யாருக்கும் அதில் பயப்பட எதுவும் இல்லை. நான் மட்டும் எழுந்து வாசல் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "தண்ணி குடிக்கீங்களாய்யா?" என்று அந்தப் பெண் கேட்டார். வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒரு காலத்தில் அந்த வாசனை எனக்குப் பெருமை தந்தது. மதுரையில் பௌதிகம் படித்து, மேற்கொண்டு எலக்ட்ரிக்கலில் டிப்ளமோவும் முடித்து, இங்கே ஒரு பஞ்சு மில்லில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருந்தேன். எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் பிறந்த சமயம். சட்டைப்பையில் டெஸ்டரும் இரண்டு பேனாவும் எப்போதும் இருக்கும். ஒரு பேனாவில் மை இருக்காது, பார்வைக்குத்தான். என்னைத் தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும், நான் பிறவியிலேயே பயந்தவன். முதலாளி வீட்டு வெள்ளை நாயைக் கட்டிப்போட்டிருந்தாலும் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டுதான் நடப்பேன். அய்யனார் கோவிலுக்குப் போனால் குரங்குக்குப் பயந்து பழத்தைப் படியேறும் முன்பே தின்றுவிடுவேன். இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லலாம். மற்றதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

முதலாளியிடம் ஒரு அம்பாசிடர் இருந்தது. ஓட்டியவர் பீர் முகம்மது, எங்களுக்கெல்லாம் பீர்பாய். தினமும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். ஐம்பதை நெருங்கியவர், அதிர்ந்து பேசாதவர். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பத்துப் பதினைந்து மைலுக்கு ஒருமுறை வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல இருக்கும். சூடு கூடுதல் என்று பட்டால் செத்த நேரம் நிறுத்தி, ஆறியபின் டின் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் எடுப்பார். இதனால் எங்கே போனாலும் தாமதம். பின்சீட்டில் இருக்கும் முதலாளி பல்லைக் கடிப்பார்.

அந்தச் சமயத்தில் பலரும் செய்தது போல முதலாளியும் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஒரு வேனின் டீசல் எஞ்சினைப் பொருத்தினார். வண்டி நன்றாக ஓடியது. ஆனால் டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் எந்நேரமும் சிவப்புக் கோட்டிலேயே நின்றது. காரணம் எளிது. எஞ்சினில் ஓடும் தண்ணீருக்குள் ஒரு சென்சார் முங்கியிருக்கும். தண்ணீர் சூடாக ஆக, அதன் வழியாக மீட்டருக்குப் போகும் கரண்ட் கூடும், முள் ஏறும். சென்சார் வேனுடையது, மீட்டர் காருடையது. இரண்டும் வெவ்வேறு அளவுக்குச் செய்யப்பட்டவை. மீட்டருக்கு வரவேண்டியதைவிடக் கூடுதலாக வந்துகொண்டிருந்தது.

முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். அரைமணி நேர வேலை என்று சொன்னேன். சொன்னபடியே முடித்தேன். எஞ்சினைச் சாதாரணச் சூட்டில் ஓடவிட்டு, சென்சாரிலிருந்து மீட்டருக்குப் போகும் ஒயரை வெட்டி, நடுவில், வரும் கரண்டைக் குறைக்க வண்ணக் கோடு போட்ட சின்ன ரெசிஸ்டர் ஒன்றை வைத்து முள் சரியாக மையத்தில் நிற்கும்வரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். நின்றதும் சால்டர் செய்து டேப் சுற்றினேன். டார்ச் அடித்தவர் பீர்பாய்.

"என்ன சார் இது, சின்னப்பிள்ளைய மிட்டாய் கணக்கா கோடு போட்டிருக்கு?" என்றார்.

"மிட்டாய்தான். உங்க முள்ளு அழாம இருக்கக் குடுத்திருக்கேன். இனிமே முள்ளப் பாத்து ஓட்டுங்க பாய். தொட்டுத் தொட்டுப் பாக்க இது மாட்டுவண்டி இல்ல."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பீர்பாயும் சிரித்து, "படிச்சவிய சொன்னா சரிதான்" என்றார்.

தவறு எங்கே என்று சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு சூட்டில் மட்டும் முள்ளைச் சரிசெய்தேன். சென்சாரைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, அப்போது முள் எங்கே நிற்கிறது என்றும் பார்த்திருக்க வேண்டும். இரண்டு புள்ளி இல்லாமல் கோடு போட முடியாது என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். அன்றைக்குப் பாராட்டு கிடைத்துவிட்டது, நான் கைகழுவப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து முதலாளியும் அவர் மனைவியும் புனலூருக்குப் புறப்பட்டார்கள். செங்கோட்டை தாண்டி மலையேற வேண்டும். காலை ஏழு மணிக்கு வண்டி போய்விட்டது. எட்டரை வாக்கில் எங்கள் செக்ஷனில் டீக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எஞ்சினோடு உபரியாக வந்த பழைய சென்சார் ஒன்று என் மேஜையில் கிடந்தது. என் சாமர்த்தியத்தை நானே ரசிக்கும் ஆசையில், அதைக் கொதிநீரில் தொங்கவிட்டு மல்டிமீட்டரில் அளந்து, காகிதத்தில் கணக்குப் போட்டேன். மறுபடியும் போட்டேன். மூன்றாம் முறையும் அதே விடைதான். நான் வைத்த ரெசிஸ்டர் முள்ளைக் கீழே இறக்கியது மட்டுமல்ல, அதன் ஓட்டத்தையே சுருக்கிவிட்டிருந்தது. தண்ணீர் தளபுளவென்று கொதித்தாலும் முள் மையத்திலிருந்து ஒரு நகக்கண் அளவுதான் ஏறும்.

அவர்கள் தென்காசியில் உறவினர் வீட்டில் பலகாரம் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். அந்த வீட்டு எண் மில் ஆபீசில் இருந்தது. வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே இருந்த எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். மணி அடித்தது. "ஆரு பேசுதீய?" என்று ஒரு பெண்குரல். முதலாளியிடம் என்ன சொல்வது? நான் சரிசெய்தது பொய் சொல்லும் என்றா? எல்லோர் முன்னாலும் சிரித்தவர் இப்போது என்ன சொல்வார்? பின்னணியில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். மறுபடியும் "ஆரு?" என்றது குரல். ரிசீவரை வைத்துவிட்டேன்.

அன்றைய பகலை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். ஆபீசில் போன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். பீர்பாய்தான் நிறுத்தித் தொட்டுப் பார்ப்பாரே என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். உடனே நான் அடித்த கேலி காதில் விழும்.

மாலையில் செய்தி வந்தது. ஆரியங்காவுக்குக் கீழே ஒரு ஏற்றத்தில் ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்து, தண்ணீரெல்லாம் ஒழுகி, எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. நின்ற வண்டி வளைவில் பின்னோக்கி உருண்டிருக்கிறது. பீர்பாய் பிரேக்கை அழுத்திக்கொண்டே ஸ்டீயரிங்கை ஒடித்து, வண்டியின் பின்பக்கத்தை மலைப்பக்கப் பாறையில் கொண்டு முட்டியிருக்கிறார். மறுபக்கம் பள்ளம். யாருக்கும் காயமில்லை.

வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து முதலாளி வீட்டு ஷெட்டில் போட்டார்கள். மறுநாள் மத்தியானம் வாட்ச்மேன் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து உள்ளே போனேன். அந்த நாய் என்னைப் பார்த்தது, குரைக்கவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, ரெசிஸ்டரை வெட்டி எடுத்து, ஒயரின் இரண்டு முனைகளையும் முறுக்கி டேப் சுற்றினேன். மொத்தம் மூன்று நிமிடம்.

சாயங்காலம் விசாரணை. ஷெட் வாசலில் முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பீர்பாய் நின்றுகொண்டிருந்தார். முள்ளைப் பார்க்காமல் தூங்கி வழிந்துகொண்டு ஓட்டினீரா என்று முதலாளி கேட்க, கருகல் வாடை அடித்தது, நிறுத்தலாம் என்றுகூட நினைத்தேன், முள் நடுவிலேயே நின்றதால் நிறுத்தவில்லை என்றார் பீர்பாய். முதலாளி என்னைப் பார்த்தார். "மீட்டர் சரியா இருக்கான்னு டெஸ்ட் பண்ணிக் காட்டும்."

முதலில் செய்திருக்க வேண்டிய சோதனையை அன்று செய்தேன். சென்சாரைக் கழற்றி, ஒயரை நீட்டி, அடுப்பில் வைத்த பாத்திரத்தில் தொங்கவிட்டேன். முள் மளமளவென்று ஏறிச் சிவப்பைத் தொட்டது. தண்ணீர் இன்னும் கொதிக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. அதாவது மீட்டர் பழையபடி கூட்டித்தான் காட்டியது; விஷயம் தெரிந்த ஒருவர் அங்கே இருந்திருந்தால் அந்த நொடியிலேயே நான் பிடிபட்டிருப்பேன்.

பீர்பாய் குனிந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, கோபமே இல்லாமல் என்னிடம் கேட்டார்.

"சார், அன்னைக்குக் கோடு போட்ட சின்ன உருளை ஒண்ணு வச்சீயளே. அது இதுல என்ன வேல செய்யும்?"

அது என் சட்டைப்பைக்குள் இருந்தது. அதன் கம்பி நெஞ்சில் குத்தியது. முதலாளி என் முகத்தைப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"அது சும்மா ஒயர் ஜாயிண்டுதான் பாய். அதுக்கும் முள்ளுக்கும் சம்பந்தமில்ல" என்றேன்.

"அப்பச் சரி" என்றார் அவர்.

நம்பிவிட்டார். அதுதான் இன்றுவரை என்னால் தாங்க முடியாதது. சண்டை போட்டிருந்தால், நீ திருடன் என்று சொல்லியிருந்தால், நான் வேறு மாதிரி வாழ்ந்திருப்பேன். அவர் வண்டிச் சாவியை முதலாளியின் காலடியில் அல்ல, பானெட்டின் மேல் வைத்துவிட்டுத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தார். மறுநாளிலிருந்து வரவில்லை.

அதன்பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவதை விட்டேன். ஊர் நெருங்கினால் செய்தித்தாளை முகத்துக்கு நேராக விரித்துக்கொள்வேன். இரண்டு மூன்று வருடம் இப்படி ஓடியது. ஒருநாள் பீர்பாய் ராஜபாளையத்திலேயே பஸ் ஏறி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண்ணாடி போட்டிருந்தார். நலம் விசாரித்தார், என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். ஒரு மரக்கடையில் காவலுக்கு இருப்பதாகவும், பிறகு வேறு இரண்டு பேர் கார் ஓட்டக் கூப்பிட்டும் போகவில்லை என்றும் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"ஸ்டீயரிங்கப் பிடிச்சா பயமா வருது சார். ரெண்டு உசுரு பின்னால இருக்கு, செகப்புல நிக்கிற முள்ளு எங் கண்ணுக்கு நடுவுல தெரிஞ்சிருக்கே. மதுரைக்குப் போயி கண்ணக் காட்டுனேன். ஒண்ணுமில்லங்காக, இந்தக் கண்ணாடிகூட நானாக் கேட்டு வாங்கிப் போட்டதுதான். பொறவு அது எப்படி சார்?"

பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் மடவார்வளாகத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் கவனிக்கவில்லை. முதலாளி இல்லை, நாய் இல்லை. சொல்ல ஒரு வாக்கியம் போதும்.

"வெயில்ல மீட்டர் கண்ணாடி மின்னியிருக்கும் பாய்" என்றேன்.

அவர் தலையாட்டி, அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். இறங்கும்போது கம்பியைத் தடவித் தடவிப் பிடித்து, ஒவ்வொரு படியாகப் பார்த்துக் கால் வைத்தார். நல்ல கண் உள்ள மனிதர்.

ஓய்வு பெற்ற பிறகு, இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்று ஆன பிறகு, அவர் வீட்டைத் தேடிப் போனேன். மகள் கதவைத் திறந்தார். அத்தா இறந்து ஆறு மாதம் ஆகிறது என்றார். மில்லில் கூட வேலை பார்த்தவன் என்றதும் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். கடைசிவரை வாசல் ரோட்டைக் கடக்கக்கூட யாராவது கையைப் பிடிக்க வேண்டும் என்பாராம். தன் கண்ணை நம்ப முடியாது என்பாராம். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அங்கும் சொல்லவில்லை.

மில் இருந்த இடம் இப்போது வீட்டுமனைகள். முதலாளி காலமாகி வெகுகாலம் ஆயிற்று. ஷெட்டை இடித்துவிட்டார்கள், காரைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். அந்த மகள் எப்போதாவது இதைப் படிக்க நேர்ந்தால், டீ குடிக்கும்போது சொல்லாமல் வந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். அம்மா, அன்று முள் நடுவில்தான் நின்றது. உங்கள் அத்தாவின் கண் கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது.