நேர்காணல் முடியும்வரை நின்றவர்

கும்மிடிப்பூண்டியில் எங்களுக்கு ஒற்றை அறைதான் வீடு. மென்பொருள் வேலைக்கான வீடியோ நேர்காணலுக்கு, வாசற்கதவு என் முதுகுக்குப் பின்னால் வரும்படி உட்கார்ந்திருந்தேன். இரும்பு ஆலையில் வேலை பார்க்கும் அப்பா, மதிய ஷிஃப்டுக்குக் கிளம்பி அடுப்போரம் நின்றார். வெளியே போனால் கேமராவில் தெரிவோம் என்று அசையவே இல்லை.

நான் எழுதிய கோடிங்கை விளக்கச் சொன்னார்கள். பாதியில் தடுமாறினேன். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போவது கேட்டது.

முடிந்ததும், "பஸ்ஸு போயிடுச்சேப்பா," என்றேன்.

"அது கெடக்குது. நல்லா சொன்னியா?"

"தெரியலப்பா."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெயிலில் கிளம்பினார்.

சில நாளில், தேர்வாகவில்லை என்று மெயில் வந்தது. அப்பாவிடம் சொன்னேன்.

"நான் அங்க நின்னுக்கினு இருந்தது உனுக்கு பேஜாரா பூட்ச்சா? அடுத்த வாட்டி முன்னாடியே ஊட்ட வுட்டு கெளம்பிடுறேன்," என்றார்.