மீன் பெட்டியில் பன்னிரண்டு குழாய்: மன்னாரிலிருந்து முருங்கன் வரை

மன்னார்த் தீவு வாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருவது: இப்பதிவை எழுதுபவரின் இடது கால் செருப்பு, தை மாதம் இரண்டாம் சனிக்கிழமை காலை 9.50க்கு, பாலத்தடிச் சோதனைச்சாவடியில் காணாமற் போனது. வலது கால் செருப்பு வீட்டில் துக்கம் காக்கிறது.

இனி விசயத்துக்கு வாறன். எங்கள் பக்கத்தில் ஒரு மாதமாகக் காய்ச்சல். காய்ச்சல் மூன்று நாளில் விட்டுவிடும், மூட்டு வலி விடாது. ஒருவருக்கும் தலை குனியாத சம்மாட்டிமாரே, வள்ளமும் வலையும் வைத்திருக்கிற முதலாளிமாரே, இப்போது குனிந்தபடிதான் வாசல் படலைக்கு வருகிறார்கள். இது டெங்குவா, புதுசா என்று பார்க்க இங்கே வசதியில்லை. இரத்தம் கொழும்புக்குப் போய், அங்கே நோய்க்குப் பெயர் வைத்தால்தான் இங்கே நுளம்புக்குப் புகையடிக்கிற மெசின் வரும். எங்கள் வீட்டில் பிள்ளைக்குப் பெயர் வைக்கக்கூட இவ்வளவு தூரம் அலைந்ததில்லை.

அக்காவுக்கு ஏழாம் மாதம். அவவுக்கும் காய்ச்சல். என்ன நோய் என்று தெரிந்தால்தான் பிள்ளைப்பேற்றுக்கு வவுனியா அனுப்புவதா, இங்கேயே வைத்திருப்பதா என்று டொக்டர் சொல்லுவார். சண்டை நேரம், பாதை எப்போது பூட்டும் என்று ஒருவருக்கும் தெரியாது. இரத்தம் எடுத்துக் கொண்டுபோன பன்னிரண்டு குழாயில் ஒன்று அவவுடையது.

சுகாதாரக் கந்தோரின் குளிர்ப்பெட்டிக்கு மூடி இல்லை. புதுசு கேட்டு எழுதின கடிதத்துக்கே வயது போய்விட்டது. அதனால் கரையில் மீன் வாடியில் ஒரு வெள்ளை ரெஜிபோம் மீன் பெட்டி வாங்கி, குழாய்களைப் பொலித்தீனில் சுற்றி நடுவில் வைத்து, சுற்றிவர உடைத்த ஐஸ் போட்டோம். பாரை மீனுக்கு நடக்கிற அதே மரியாதை. கொண்டுபோனவர் என் மாமா, சுகாதாரப் பரிசோதகர். காய்ச்சல் அவருக்கும் வந்து போனது. விரல்கள் வீங்கி இன்னும் மடங்கவில்லை. பெட்டி தூக்க நான்.

மன்னாரில் பஸ் 9.15. முருங்கன் இருபத்தைந்து கிலோமீற்றருக்குக் கிட்ட. மீன் மணக்கிறது என்று கொண்டக்டர் பெட்டிக்கும் ஓர் ஆள் காசு எடுத்தார், ஆக மூன்று ரிக்கற். முருங்கனிலிருந்து கொழும்பு வாகனம் 11.30க்கு வெளிக்கிடும்.

பாலம் கடந்ததும் எல்லாரும் இறங்கவேண்டும். மீன் பெட்டிகளுக்கு அங்கே தனிச் சோதனை: இரும்புக் கம்பியால் மேலிருந்து அடிவரை இரண்டு குத்து. எங்களுக்கு முன்னால் நின்றவர் எருக்கலம்பிட்டி முஸ்லிம் மீன் வியாபாரி, எல்லாருக்கும் நானா. அவருடைய பெட்டிக்குள் கம்பி இறங்கி ஐஸ் நொறுங்கியது. அடுத்தது எங்கள் பெட்டி. என்னைவிட இரண்டு வயது கூடினவன் போலிருந்த ஆமிக்காரன் கம்பியைத் தூக்கினான். எனக்குத் தெரிந்த பதினாலு சிங்களச் சொல்லில் ஒன்றைக் கத்தினேன்.

"லெட!"

நோய் என்று அர்த்தம். கம்பி அந்தரத்தில் நின்றது. ஒரு சொல்லில் பன்னிரண்டு குழாயைக் காத்தவன் என்று, திரும்பி வந்த அன்றே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஆனால் பெட்டியைத் தூரத்தில், வெறும் மணலில் வைக்கச் சொல்லிவிட்டார்கள். ஆமிப் பெரியவர் வரும்வரை ஒருவரும் தொடக்கூடாது. நிழல் இல்லை. மூலையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. என் சத்தத்துக்குச் சிரித்த சனம் இப்போது என்னைவிட்டு விலகி நின்றது.

"இனி வாய் திறந்தியோ, உன்னையும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலை வைப்பன்," என்றார் மாமா.

பெரியவர் 10.35க்கு வந்தார். சோதனைக்குப் போகிற இரத்தம் என்று கந்தோரில் எழுதித் தந்த சிங்களக் கடிதத்தை மாமாவிடம் வாங்கி வாசித்து ஒரே நிமிடத்தில் விட்டார். பெட்டிக்குள் ஐஸ் முக்கால்வாசி தண்ணீர். பஸ்ஸில் ஏறினதும் நானா தன் பெட்டியைத் திறந்து, மீனுக்கு மேலிருந்த ஐஸைக் கையால் அள்ளினார்.

"உங்கட மீன் பழுதாகிப் போகுமே, நானா," என்றார் மாமா.

"மீன் நாளைக்கும் படும். பெட்டியப் புடிங்க."

11.20க்கு முருங்கன். கொழும்பு வாகனம் இன்னும் நின்றது.

ஐந்தாம் நாள் கொழும்பிலிருந்து பதில். எட்டுக் குழாய் சரி, டெங்கு இல்லை, நுளம்பு பரப்புகிற வேறு காய்ச்சல். மெசின் வரும். வெயில் பக்கம் கிடந்த நாலு குழாய் பழுது. அதில் ஒன்று அக்காவுடையது. "உனக்கும் அதுவாய்த்தான் இருக்கும்" என்று சொன்னோம். டொக்டர் 'இருக்கும்' என்கிற சொல்லை ஏற்கவில்லை. திரும்ப இரத்தம் எடுத்தார்கள். நேற்றிலிருந்து பாதை பூட்டு. அந்தக் குழாய் கந்தோர் பிரிட்ஜில் இருக்கிறது, கரண்ட் வந்து வந்து போகிறது.

இப்படிப் போகிறவர்களுக்கு: ஐஸ் இரண்டு மடங்கு எடுங்கோ. சிங்களக் கடிதத்தைப் பெட்டி மூடியிலேயே பெரிய எழுத்தில் ஒட்டுங்கோ. மீன் வியாபாரிக்குப் பக்கத்தில் இருங்கோ. என்னைப்போல ஒருத்தனைக் கூட்டிப் போகாதையுங்கோ.

ஏனென்றால், குழாயைக் காக்க நான் கத்தவில்லை. அந்த ஆமிக்காரன் துள்ளுவான், பஸ் சனம் சிரிக்கும் என்றுதான் கத்தினேன். அவன் துள்ளவில்லை, தோளில் கிடந்த துவக்கைப் பிடித்தான். ஓடினது நான், செருப்பு போனது அப்போதுதான். அந்த நேரம் மாமாவின் வீங்கின விரல் சட்டைப் பைக்குள் இருந்தது. கடிதம் பாதி வெளியே வந்திருந்தது. அரை நிமிடம் பொறுத்திருந்தால் கடிதமே பேசியிருக்கும், பெட்டி வெயிலில் கிடந்திராது.

அக்காவுக்கு இது இன்னும் தெரியாது. அக்கா, இதை வாசித்தால், மற்றச் செருப்பு வாசலில்தான் இருக்கிறது. அடிக்கலாம்.