மேசையில் விடாத இதழ்கள்

சிட்னியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் எனக்கு வேலை. வாசகர்கள் பார்த்துவிட்டு மேசையில் விட்டுப்போகிறவற்றை மாலையில் வண்டியில் ஏற்றி, ஒவ்வொன்றாக ஸ்கான் செய்து, திரும்ப அடுக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத ஆய்விதழ்களுக்கு அந்த ஸ்கான்தான் சாட்சி. அது விழாவிட்டால் ஒருவரும் தொடவில்லை என்று கணக்கு. அதனால்தான் மேசைக்கு மேசை, 'வாசித்தவற்றை இங்கேயே விடவும்' என்று ஓர் அட்டை வைத்திருக்கிறோம்.

மூன்றாம் மாடியின் கடைசி அலுமாரி நிறையச் சீன ஆய்விதழ்கள் இருந்தன. தென்சீனாவில் ஏதோ ஒரு மாவட்டத்தின் வரலாறு, கோயில் கல்வெட்டு, பாலங்கள், திருவிழாக்கள் பற்றியவையாம். எனக்கு ஓர் எழுத்தும் விளங்காது. செவ்வாய்தோறும் ஒரு சீனப் பெரியவர் அவற்றைத் தேடி வருவார். ஓய்வுபெற்ற பஸ் சாரதி. அவருடைய தகப்பன் அந்த மாவட்டத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து, புனைபெயர்களில் அந்த இதழ்களுக்கு எழுதியவர். தகப்பன் உயிரோடு இருந்த காலத்தில் தான் அவற்றில் ஒரு வரிகூட வாசித்ததில்லை என்று ஒருநாள் சொன்னார். இப்போது தொகுதி தொகுதியாகத் தேடி, கிடைத்ததைக் கொப்பியில் கையால் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்பது கட்டுரைகள் அகப்பட்டிருந்தன. இன்னும் பாதி அலுமாரி மிச்சம் இருந்தது.

வாசித்து முடித்ததை அவரே கொண்டுபோய், எடுத்த இடத்தில் இம்மி பிசகாமல் வைப்பார். நான் தடுத்திருக்க வேண்டும். எங்கே தடுத்தேன்? எனக்கு வண்டி தள்ளுகிற வேலை மிச்சம். "எல்லோரும் உங்களைப் போல இருந்தால் எனக்கு முதுகுவலியே வராது" என்று பல்லிளித்தேன். மனுசனுக்குச் சந்தோஷம். அதற்குப் பிறகு கைக்குட்டையால் தூசி தட்டியும் வைக்கத் தொடங்கினார்.

போன வருடம், மாணவர்கள் இருந்து படிக்க இடம் வேண்டுமென்று ஒரு பட்டியல் வந்தது. ஐந்து வருடமாக ஸ்கான் விழாததெல்லாம் கழிவு. சீன இதழ்கள் முழுக்க அதில் இருந்தன. மேலதிகாரி என்னிடம் நேராகவே கேட்டார், இதில் எதையாவது யாராவது பார்க்கிறார்களா என்று. என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற மாதம் அது. ஆம் என்றால், அப்போது ஏன் ஸ்கான் இல்லை என்பார். "எனக்குத் தெரிய, ஒருவரும் இல்லை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை லொறி வந்து எல்லாவற்றையும் கடதாசி அரைக்கிற இடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனது.

அன்று மாலை ரயிலில் பென்டில் ஹில்லில் இறங்கி வீட்டுக்குப் போனேன். கணவரிடம் சொன்னேன்.

"விடுமப்பா. நீர் சொல்லியிருந்தாலும் அவங்கள் தூக்கித்தான் இருப்பாங்கள்."

"நான் சொல்லேல்லையே. அதைக் கதையுங்கோ."

பாவம், அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். நான் எரிந்து விழுந்ததில் சாப்பாட்டுக் கோப்பையோடு எழும்பிப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை பெரியவர் வந்தார். வெறுமையான அலுமாரித் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கொப்பியோடு என்னிடம் வந்தார்.

"நான் எதையாவது இடம் மாற்றி வைத்துவிட்டேனா?"

"இல்லை. இவற்றை ஒருவரும் பார்ப்பதில்லை என்று கம்ப்யூட்டரில் வந்தது."

"நான் பார்த்தேனே."

"மேசையில் விட்டால்தான் அது கணக்கில் வரும்" என்றேன். ஏதோ எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் போல.

அவர் பக்கத்து மேசையிலிருந்த அட்டையை எடுத்து, சொல் சொல்லாக விரல் வைத்து வாசித்தார். முகம் சிவந்துபோனது. அட்டையைத் திரும்பவும் இருந்த இடத்திலேயே நேராக வைத்தார்.

"பிழை என்னுடையது" என்றார். "உங்களுக்கும் கரைச்சல் தந்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்." தலை குனிந்து நின்றார்.

அந்த நேரத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். ஒப்பந்தமும் அதற்குள் கையெழுத்தாகிவிட்டிருந்தது.

"பரவாயில்லை" என்று அவரை மன்னித்தேன்.