தெரியாதவர்களுக்கு இடது கை

மரிய புஷ்பம் டீச்சர் கேள்வி கேட்டால் அவர் வகுப்பில் ஒரு கைகூடக் கீழே இருக்காது. கல்லங்குறிச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரின் தொடக்கப்பள்ளி அது. ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் ஐந்தாம் வகுப்பு வாசலில் நின்று, அத்தனை கையும் ஒன்றாக எழுவதைப் பார்த்து அசந்துபோவார்கள். டீச்சர் யாரைக் காட்டினாலும் சரியான பதில் வரும். வராமல் எங்கே போகும்? பதில் தெரிந்த பிள்ளை வலது கையைத் தூக்கும், தெரியாத பிள்ளை இடது கையைத் தூக்கும். டீச்சரின் விரல் வலது கைகளை மட்டுமே காட்டும். இத்தனை ஆண்டில் எந்த அதிகாரியும் எந்தக் கை என்று பார்த்ததில்லை.

இதைக் கேட்டு அவரைப் பித்தலாட்டக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். வரதராஜன்பேட்டையில் பிறந்து அரியலூரில் வாக்கப்பட்டவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாய்ப்பாடு சொல்லத் தெரியாத ஒரு சிறுமியை ஓர் அதிகாரி தான் கிளம்பும்வரை நிற்க வைத்துவிட்டார். பயத்தில் அந்தப் பிள்ளை நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டது. அதற்குப் பிறகு அது பள்ளிக்கூடம் பக்கமே வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தும் நடக்கவில்லை. இனி என் பிள்ளை ஒன்றுகூட நாலு பேர் முன்னால் கூனிக் குறுகக் கூடாது என்று வைராக்கியமாகக் கண்டுபிடித்த வித்தைதான் இது. ஜூன் மாதத்தில் முதல் நாளே கரும்பலகையில் ஒரு கணக்கைப் போடச் சொல்லி, நீ வலது, நீ இடது என்று பிரித்துவிடுவார். படித்துத் தேறினால் கையை மாற்றிக்கொள்ளலாம் என்பதும் அவர் மனதில் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குத் தோன்றியதே இல்லை.

ஏப்ரலில் அரியலூரில் ஆசிரியர்கள் கூட்டம். இந்த ஆண்டு வகுப்பில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று ஒவ்வொருவரும் மனம் திறந்து பேச வேண்டும் என்றார்கள். பலிக்காததைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

"எங்க கிளாஸ்ல பயம்ங்கிறதே கெடையாதுங்க. கேள்வி கேட்டா எல்லாப் புள்ளையும் கை தூக்கும்" என்றார் மரிய புஷ்பம். நல்ல கைதட்டல். அந்த வித்தையை அறிந்த அவர் பள்ளித் தலைமையாசிரியர் வேணுகோபால் மட்டும் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். திரும்பும் பஸ்ஸில், "நல்லா பேசுனீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டீச்சருக்கு அது சுருக்கென்றது.

பள்ளி ஆண்டின் கடைசி நாளன்று மதியம், குழாயடியில் சண்முகப்பிரியாவின் குரல் டீச்சர் காதில் விழுந்தது. இடது கைப் பிள்ளை. ஆண்டு முழுக்க அவளை ஒரு தடவைகூட டீச்சர் எழுப்பியதில்லை. தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "முக்கால்ல மிச்சம் கால்தான். மூணுல ரெண்டுல மிச்சம் மூணுல ஒண்ணு. எதுல மிச்சம் கம்மியோ அதான்டி பெருசு."

வகுப்பில் ஒருவருக்கும் பிடிபடாமல், டீச்சரே அலுத்துப்போய் விட்டுவிட்ட பின்னக் கணக்குப் பாடம் அது.

"இது ஒனக்கு எப்பலேர்ந்துடி தெரியும்?"

"நீங்க நடத்துனப்பவே தெரியும் டீச்சர்."

"அப்பறம் ஏண்டி எடது கையத் தூக்குன?"

சண்முகப்பிரியாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "நான் எடது கைதானே டீச்சர்? மொத நாளே நீங்க சொன்னீங்களே."

 டீச்சருக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இந்தப் பிள்ளை ஜூனில் வேறு பள்ளிக்கூடம் போய்விடும். அங்கே போயும் தனக்கு ஒன்றும் தெரியாது என்றே உட்கார்ந்திருக்குமே! அவசரமாக எல்லாரையும் வகுப்புக்குள் கூப்பிட்டார்.

"இன்னையோட எடது கை வலது கை எல்லாம் கெடையாது. தெரிஞ்சவங்க மட்டும் தூக்குங்க. தெரியலன்னா சும்மா இருங்க, ஒண்ணும் தப்பில்ல." முக்கால் பெரிதா, மூன்றில் இரண்டு பெரிதா என்று கேட்டார். வழக்கமான வலது கைகள் இரண்டு எழுந்து, யோசித்து, இறங்கின. சண்முகப்பிரியா கையைத் தூக்கவில்லை. இடது கையை மடியில் வைத்து வலது கையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"பிரியா, நீ சொல்லும்மா."

எழுந்தாள்.  குழாயடியில் சொன்னதை அப்படியே சொன்னாள். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். இவளுக்கா தெரியும் என்கிற பார்வை. அந்தப் பார்வையைத் தானே பழக்கிவிட்டோம் என்று டீச்சருக்குத் தோன்றியது. கண் கலங்கிவிட்டது.

"கரெக்ட்டும்மா. ரொம்பக் கரெக்ட். உக்காரு."

அவள் உட்காரவில்லை.

"டீச்சர், புதுப் பள்ளிக்கூடத்துல நான் எந்தக் கைன்னு நீங்களே சொல்லி அனுப்பிடுவீங்களா?"